கணினி கேள்வி–பதில்: ஒரே புராஜெக்ட், நான்கு லேப்டாப்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் சுற்றுகின்றன. வெப் அப்ளிகேஷன் எழுத உட்காருவதற்கு முன்பே, அதை ஓட்டுவதற்கான சூழலை அமைப்பதில் நாட்கள் கரைகின்றன. ஆகவே பக்கங்கள் முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறோம். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் ஒலிப்பின்படி தமிழில் தந்திருக்கிறோம். திரையில் தட்டும்போது வழக்கமான ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து இறுதியாண்டு புராஜெக்டாக, பைத்தானின் ஜாங்கோ சட்டகத்தில் ஒரு வெப் அப்ளிகேஷன் செய்கிறோம். டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். மூன்று பேரிடம் விண்டோஸ் 11, ஒருத்தியிடம் உபுண்டு. எல்லாமே 8 ஜிபி ராம். ஒரு லேப்டாப்பில் ஓடுவது இன்னொன்றில் ஓடுவதில்லை. ‘வெஎன்வி’ போதும் என்கிறார் ஆசிரியர். டாக்கர்தான் வேண்டும் என்கிறார் சீனியர். வர்ச்சுவல்பாக்ஸ் போடச் சொல்கிறார் அண்ணன். யார் சொல்வதைக் கேட்பது?
— கல்லூரி மாணவி, கோவை

பதில்: மூவர் சொல்வதும் சரிதான், ஆழம்தான் வேறு. வெஎன்வி என்பது பைத்தான் 3.3 பதிப்பிலிருந்து, அதாவது 2012 முதல், பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. அது பிரித்து வைப்பது பைத்தான் பேக்கேஜ்களை மட்டும். போஸ்ட்கிரெஸ் எந்தப் பதிப்பு, அதற்கான சி நூலகம் இருக்கிறதா என்பதெல்லாம் அதன் கைக்கு எட்டாது. வர்ச்சுவல்பாக்ஸ் முழுக் கணினியையே இன்னொன்றாக எழுப்புகிறது. கெர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) தனி, வட்டு தனி, ராமும் தனி. 8 ஜிபியில் 2 ஜிபியை அதற்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, பிரவுசரையும் எடிட்டரையும் திறந்தால் லேப்டாப் திணறும். டாக்கர் கன்டெய்னர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. கெர்னல் பொது, கோப்புகளும் புராசஸ்களும் மட்டும் தனி. விண்டோஸில் லினக்ஸ் கெர்னல் கிடையாது என்பதால் விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் 2 அதை ஒரு சிறிய மெய்நிகர் கணினியில் வைத்துத் தருகிறது.

உங்கள் நிலையில் டபிள்யூஎஸ்எல் 2, அதற்குள் டாக்கர். ஒரே கோப்பில் அடங்கும் டேட்டாபேஸான எஸ்க்யூலைட் மட்டுமே வைத்துச் செய்கிற சின்ன வேலையாக இருந்தால் ஆசிரியர் சொன்ன வெஎன்வி தாராளமாகப் போதும்.

எதை எடுத்தாலும் ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். கைப்பட நிறுவிய எதையும் நம்பி புராஜெக்ட் ஓடக் கூடாது. சூழல் முழுவதும் கோப்புகளில் எழுதப்பட்டு, நிரலோடு சேர்ந்து, மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டில் இருக்க வேண்டும். வாரம் ஒரு முறை சூழலை அடியோடு அழித்துவிட்டு ஒரே கட்டளையில் எழுப்பிப் பாருங்கள். எழுந்தால் நால்வரிடமும் எழும். எழவில்லை என்றால், யாரோ ஒருவர் எதையோ கையால் போட்டுவிட்டு எழுதி வைக்க மறந்திருக்கிறார்.

விண்டோஸ்காரர்கள் முதலில் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் சிபியு பக்கத்தைத் திறந்து ‘வர்ச்சுவலைசேஷன்: எனேபிள்டு’ என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் பயாஸுக்குள் போய் இன்டெல்லில் ‘வர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி’, ஏஎம்டியில் ‘எஸ்விஎம் மோட்’ என்பதை இயக்க வேண்டும். பிறகு பவர்ஷெல்லை அட்மின் உரிமையோடு திறந்து ‘டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால்’. ஒரு ரீஸ்டார்ட். உபுண்டு வந்து பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். கடவுச்சொல் தட்டும்போது திரையில் புள்ளிகூட வராது, அது அப்படித்தான். உபுண்டு உள்ளே வந்ததும் ‘சுடோ ஆப்ட் அப்டேட்’, அடுத்து ‘சுடோ ஆப்ட் இன்ஸ்டால் டாக்கர்.ஐஓ டாக்கர்-கம்போஸ்-வி2’. கடைசியாக உங்கள் பயனரை ‘டாக்கர்’ குழுவில் சேர்த்துவிட்டு (‘யூசர்மாட் -ஏஜி’ கட்டளை) டெர்மினலை மூடித் திறங்கள். இந்தக் குழுவில் இருப்பவருக்கு ரூட் அதிகாரம் இருப்பதாகவே பொருள். பலர் பொதுவில் பயன்படுத்தும் கணினி என்றால் யோசித்துச் சேருங்கள். உபுண்டு வைத்திருக்கும் தோழிக்கு இந்த ஆப்ட் கட்டளைகளும் குழுவில் சேர்வதும் மட்டும் போதும்.

இனி இரண்டு கோப்புகள். முதலாவது டாக்கர்ஃபைல், அதாவது இமேஜை (கன்டெய்னர் உருவாகும் அச்சு) எப்படிக் கட்டுவது என்ற செய்முறை. அடித்தளம் ‘பைத்தான்:3.12-ஸ்லிம்’, வேலை செய்யும் இடம் ‘/ஆப்’. அடுத்து பேக்கேஜ் பட்டியலான ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பை மட்டும் நகலெடுத்து பிப் இன்ஸ்டால், அதற்கும் பிறகுதான் மற்ற நிரல்களை நகலெடுப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். டாக்கர் ஒவ்வொரு வரியின் விளைவையும் ஓர் அடுக்காகச் சேமித்து வைக்கிறது. ஓர் அடுக்கு மாறினால் அதற்குக் கீழே எழுதிய எல்லாம் மறுபடி நடக்கும். நிரலை முதலில் நகலெடுத்துவிட்டால், ஒரு கமா மாற்றினாலும் அடுத்த பில்டில் எல்லாப் பேக்கேஜும் மறுபடி இறங்கும். போஸ்ட்கிரெஸோடு பேச ‘சைகாப்ஜி[பைனரி]’ என்று ரிக்வயர்மென்ட்ஸில் எழுதுங்கள். பழைய சைகாப்ஜி2-வை ஸ்லிம் இமேஜில் போட்டால் ‘பிஜி_கான்ஃபிக் கிடைக்கவில்லை’ என்று நிற்கும். கம்பைலரும் போஸ்ட்கிரெஸ் நூலகத்தின் டெவலப்மென்ட் கோப்புகளும் அந்த இமேஜில் இல்லாததே காரணம்.

இரண்டாவது கம்போஸ் கோப்பு, பல கன்டெய்னர்களை ஒன்றாக எழுப்புவது. அதில் ‘வெப்’, ‘டிபி’ என இரண்டு சர்வீஸ். ‘டிபி’க்கு இமேஜ் ‘போஸ்ட்கிரெஸ்:17’. அதன் டேட்டா ஃபோல்டரைப் பெயரிட்ட வால்யூமில் (கன்டெய்னர் அழிந்தாலும் நிலைக்கும் சேமிப்பிடம்) மாட்டுங்கள். ‘வெப்’ சர்வீஸில் புராஜெக்ட் ஃபோல்டரை ‘/ஆப்’ மீது மாட்டுங்கள். அப்போதுதான் எடிட்டரில் சேமித்த மாற்றம் உடனே உள்ளே தெரியும். போர்ட் வரியில் ‘127.0.0.1:8000:8000’ என்று முழுதாக எழுதுங்கள். வெறும் ‘8000:8000’ என்றால் உபுண்டு வைத்திருப்பவரின் லேப்டாப்பில் கல்லூரி வைஃபையில் உள்ள எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்திருக்கும். டாக்கர் திறக்கும் போர்ட்டை ‘யுஎஃப்டபிள்யூ’ ஃபயர்வால் தடுப்பதில்லை. கம்போஸ் கோப்பு யாமல் வடிவில் எழுதப்படுவது, அதில் உள்தள்ளலுக்கு இரண்டு ஸ்பேஸ், டாப் கூடவே கூடாது. பழைய பாடங்களில் முதல் வரியாக வரும் ‘வெர்ஷன்’ இப்போது தேவையில்லை.

ஒரு தடுமாற்றம் எல்லோருக்கும் வரும். ‘டிபெண்ட்ஸ்_ஆன்: டிபி’ என்று எழுதினால் டேட்டாபேஸ் கன்டெய்னர் தொடங்கியதும் வெப் தொடங்கிவிடும். தொடங்குவது வேறு, பேசத் தயாராவது வேறு. முதல் முறை போஸ்ட்கிரெஸ் தன் கோப்புகளை உருவாக்கச் சில விநாடிகள் எடுக்கும், அதற்குள் ஜாங்கோ கதவைத் தட்டிவிட்டு ‘கனெக்ஷன் ரெஃப்யூஸ்டு’ என்று விழுந்துவிடும். ‘டிபி’யில் ஹெல்த்செக்காக ‘பிஜி_இஸ்ரெடி’ கட்டளையை வைத்து, ‘வெப்’பில் கண்டிஷனாக ‘சர்வீஸ்_ஹெல்தி’ என்று போட்டால் தீர்ந்தது.

பிறகு ‘டாக்கர் கம்போஸ் அப் --பில்ட்’. டேட்டாபேஸில் டேபிள்களை உருவாக்க, இன்னொரு டெர்மினலில் ‘டாக்கர் கம்போஸ் எக்ஸெக் வெப் பைத்தான் மேனேஜ்.பிஒய் மைக்ரேட்’. ரிக்வயர்மென்ட்ஸ் மாறும்போதெல்லாம் அந்த ‘--பில்ட்’ வேண்டும், நிரல் மட்டும் மாறினால் வேண்டாம்.

உபுண்டுவிலும் டபிள்யூஎஸ்எல்-லிலும் இன்னொன்று நடக்கும். கன்டெய்னருக்குள் ‘மேக்மைக்ரேஷன்ஸ்’ ஓட்டினால் உருவாகும் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும், எடிட்டரில் சேமிக்க முடியாது. ‘வெப்’ சர்வீஸில் ‘யூசர்: 1000:1000’ என்று ஒரு வரி சேருங்கள். உபுண்டுவில் முதல் பயனரின் எண் 1000. ஏற்கெனவே மாறிப்போன கோப்புகளுக்கு ‘சுடோ சௌன் -ஆர்’ கட்டளை.

கேள்வி: கன்டெய்னர் ஓடுகிறது, லாகில் பிழையே இல்லை. ‘127.0.0.1:8000-ல் சர்வர் தொடங்கியது’ என்றும் வருகிறது. பிரவுசரில் அதே முகவரியைப் போட்டால் பக்கம் திறக்கவில்லை. போர்ட்டும் சரியாகத்தான் கொடுத்திருக்கிறேன்.
— வாசகர், திருநெல்வேலி

பதில்: பிழை அந்த லாக் வரியிலேயே இருக்கிறது. 127.0.0.1 என்றால் ‘இந்த வீடு’ என்று பொருள். ஒவ்வொரு கன்டெய்னரும் தனி வீடு, அதற்கென்று தனி 127.0.0.1. உங்கள் ஜாங்கோ அந்த வீட்டுக்குள் இருப்பவர் கூப்பிட்டால் மட்டும் பதில் சொல்வேன் என்று உட்கார்ந்திருக்கிறது. பிரவுசர் கூப்பிடுவது வெளியிலிருந்து. டாக்கர் அந்த அழைப்பை வாசல் வரை கொண்டுவந்து விடுகிறது, உள்ளே எடுப்பவர் இல்லை.

ரன்சர்வர் கட்டளையின் முடிவில் ‘0.0.0.0:8000’ சேருங்கள். எந்த வழியாக வந்தாலும் எடு என்று பொருள். லாகிலும் 0.0.0.0 என்று மாறியிருக்க வேண்டும். ஆனால் பிரவுசரில் 0.0.0.0 என்று போடாதீர்கள், அங்கே ‘லோக்கல்ஹோஸ்ட்:8000’தான். ஃபிளாஸ்க்கில் ‘--ஹோஸ்ட் 0.0.0.0’, வீட்டில் ‘--ஹோஸ்ட்’ (இது ஜாவாஸ்கிரிப்ட் கருவியான வீட், நம் வீடு அல்ல). மருந்து எல்லாவற்றுக்கும் ஒன்றே.

இதே தவறு தலைகீழாக டேட்டாபேஸிலும் வரும். செட்டிங்ஸ் கோப்பில் ஹோஸ்ட் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று இருந்தால், வெப் கன்டெய்னர் தன் வீட்டுக்குள்ளேயே போஸ்ட்கிரெஸைத் தேடும். அங்கே ‘டிபி’ என்று சர்வீஸின் பெயரை எழுதுங்கள், கம்போஸ் அதை முகவரியாக மாற்றித் தரும். போர்ட் 5432 கன்டெய்னருக்குள் இருக்கும் எண். வெளியே 5433 என்று மாற்றித் திறந்திருந்தாலும், வெப்பிலிருந்து போகும்போது 5432-தான்.

கேள்வி: பவர்ஷெல்லில் வெஎன்வியை ஆக்டிவேட் செய்தால் ‘ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை’ என்கிறது.
— வாசகி, திருச்சி

பதில்: ‘செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்டு -ஸ்கோப் கரன்ட்யூசர்’ என்று ஒரு முறை ஓட்டுங்கள். அட்மின் உரிமை தேவையில்லை. ‘அன்ரெஸ்ட்ரிக்டட்’ போடச் சொல்லும் பாடங்களைப் பின்பற்ற வேண்டாம். இன்னொன்று: வெஎன்வி ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தினாலோ பெயர் மாற்றினாலோ அது வேலை செய்யாது. பழைய இடத்தின் முழுப் பாதை அதன் ஸ்கிரிப்ட்களுக்குள் எழுதப்பட்டிருக்கும். அழித்துவிட்டு புதிதாக உருவாக்கி, ரிக்வயர்மென்ட்ஸிலிருந்து நிறுவிக்கொள்ளுங்கள்.

கேள்வி: உபுண்டு 24.04-ல் பிப் இன்ஸ்டால் செய்தால் ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்டு’ என்று மறுக்கிறது. ‘--பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ்’ போட்டால் வேலை செய்கிறது. அப்படியே தொடரலாமா?
— வாசகர், சேலம்

பதில்: வேண்டாம். அந்த ஆப்ஷனின் பெயரே அதன் விளைவைச் சொல்கிறது. உபுண்டு தன் சொந்தக் கருவிகள் பலவற்றுக்கு அதே பைத்தானை நம்பியிருக்கிறது. ‘பைத்தான்3-வெஎன்வி’ பேக்கேஜை ஆப்ட் மூலம் போட்டு, புராஜெக்ட் ஃபோல்டரில் ஒரு வெஎன்வி உருவாக்கி அதற்குள் பிப் ஓட்டுங்கள்.

கேள்வி: கம்போஸை நிறுத்தி மறுபடி தொடங்கினேன். டேட்டாபேஸில் இரண்டு மாதமாகச் சேர்த்த பதிவுகள் எதுவும் இல்லை. எங்கே போயின? அதற்கு முன் கடவுச்சொல்லை மாற்றியபோதும் டேட்டாபேஸ் அதை ஏற்கவில்லை.
— வாசகர், ஈரோடு

பதில்: ‘டாக்கர் கம்போஸ் டவுன்’ கன்டெய்னரை மட்டும் அழிக்கும், வால்யூமைத் தொடாது. ‘டவுன் -வி’ வால்யூமையும் சேர்த்து அழிக்கும். உங்கள் பதிவுகள் இருந்தது அந்த வால்யூமில். ‘-வி’ போட்டிருந்தால் அவை மீளாது, இதைச் சொல்ல எங்களுக்கும் வருத்தமாகத்தான் இருக்கிறது. ‘-வி’ போடவில்லை என்றால் நம்பிக்கை இருக்கிறது. ‘டாக்கர் வால்யூம் எல்எஸ்’ ஓட்டிப் பாருங்கள். கம்போஸ் வால்யூம் பெயருக்கு முன்னால் புராஜெக்ட் ஃபோல்டரின் பெயரைச் சேர்க்கும். ஃபோல்டரின் பெயரை நீங்கள் மாற்றியிருந்தால் புதிய, காலியான வால்யூம் உருவாகியிருக்கும். பழையது பழைய பெயரோடு அப்படியே இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் 18-க்கு மாறியிருந்தால் அதுவும் காரணமாகலாம். 17 வரை டேட்டா இருக்கும் இடம் ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ ஃபோல்டருக்குள் ‘டேட்டா’. 18-லிருந்து அதிகாரபூர்வ இமேஜில் ஒரு படி மேலே, ‘போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ ஃபோல்டரிலேயே வால்யூமை மாட்ட வேண்டும். எப்படியும் ஒரு பெரிய பதிப்பின் டேட்டாவை அடுத்த பதிப்பு நேரடியாகத் திறக்காது. பழைய பதிப்பில் ‘பிஜி_டம்ப்’ எடுத்துப் புதியதில் ஏற்றுவதே எளிய வழி.

கடவுச்சொல் விஷயம்: டாட் என்வ் கோப்பில் எழுதும் ‘போஸ்ட்கிரெஸ்_பாஸ்வேர்ட்’ வால்யூம் காலியாக இருக்கும் முதல் தொடக்கத்தில் மட்டும் படிக்கப்படும். பிறகு எத்தனை முறை மாற்றினாலும் டேட்டாபேஸுக்கு அது தெரியாது. உள்ளே போய் ‘ஆல்டர் யூசர்’ கட்டளையால் மாற்றுங்கள். அந்த டாட் என்வ் கோப்பை கிட்இக்னோரில் சேர்த்துவிட்டீர்களா என்றும் பாருங்கள். மதிப்புகள் இல்லாத மாதிரிக் கோப்பு ஒன்றை மட்டும் கிட்டில் வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்குப் புத்தகப் பட்டியல் ஒன்றை வெப் அப்ளிகேஷனாகச் செய்கிறோம். என் கணினியில் ‘கனகா’ முதலில் வந்து ‘கபிலன்’ அடுத்து வருகிறது. நண்பரின் கணினியில் நேர்மாறாக. நிரல் ஒன்று, பதிவுகளும் ஒன்று. ‘ஜ’வில் தொடங்குபவை என்னிடம் ‘ஞ’வுக்கு முன்னால் நிற்கின்றன.
— நூலகத் தன்னார்வலர், தஞ்சாவூர்

பதில்: இந்தக் கேள்வி வந்ததில் எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. தமிழ்ப் பெயர்கள் தமிழ் வரிசையில் நிற்க வேண்டும் என்று கவலைப்படுகிற ஒருவர் இருக்கிறார்.

உங்கள் கம்போஸ் கோப்பில் இமேஜ் பெயர் ‘-ஆல்பைன்’ என்று முடிகிறதா, நண்பருடையதில் அது இல்லையா என்று பாருங்கள். இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆல்பைன் லினக்ஸ் ‘மசல்’ என்ற சிறிய சி நூலகத்தைப் பயன்படுத்துகிறது. அதில் மொழிவாரி அகரவரிசை விதிகள் கிடையாது, எழுத்தின் யூனிகோட் எண்ணை மட்டும் ஒப்பிடும். யூனிகோடில் ‘ந’வுக்கு அடுத்த எண் ‘ன’, அதற்கு அடுத்ததுதான் ‘ப’. ஆகவே கனகா முந்துகிறாள். ‘ற’ அங்கே ‘ர’வுக்குப் பக்கத்தில் இருப்பதால் ‘மறவன்’ ‘மலர்’ என்பதற்கு முன்னால் வந்துவிடும். ‘ஜ’வின் இடம் ‘ச’வுக்கும் ‘ஞ’வுக்கும் நடுவில். நம் நெடுங்கணக்கிலோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என்று முடிந்த பிறகே கிரந்த எழுத்துகள். டெபியன் அடிப்படையிலான இமேஜில் உள்ள நூலகத்துக்கு இந்த வரிசை தெரியும்.

இமேஜை மட்டும் மாற்றினாலும் பட்டியல் சரியாகும், ஆனால் அடுத்தவர் வேறு இமேஜ் போட்டால் மறுபடி கெடும். வரிசை விதியை டேட்டாபேஸிலேயே எழுதிவிடுவது உறுதியானது. போஸ்ட்கிரெஸில் ஐசியு நூலகத்தின் தமிழ்க் கொலேஷன் (வரிசை விதி) ‘டிஏ-எக்ஸ்-ஐசியு’ என்ற பெயரில் இருக்கிறது. ‘ஆர்டர் பை’ வரியின் முடிவில் ‘கொலேட்’ என்று எழுதி அந்தப் பெயரை இரட்டை மேற்கோளுக்குள் கொடுங்கள். பெயரில் ஹைஃபன் இருப்பதால் மேற்கோள் கட்டாயம். ஜாங்கோ 3.2 முதல் இன்னும் எளிது: மாடலில் அந்த கேர்ஃபீல்டுக்கு ‘டிபி_கொலேஷன்’ என்று கொடுத்து மைக்ரேட் செய்தால், அந்த நெடுவரிசைக்கான இன்டெக்ஸும் தமிழ் வரிசையிலேயே அமையும்.

ஓர் எச்சரிக்கை. ஆல்பைனில் உருவான வால்யூமை அப்படியே டெபியன் இமேஜில் மாட்டாதீர்கள். இன்டெக்ஸ்கள் பழைய வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும், புதிய நூலகம் புதிய வரிசையில் தேடும். இருக்கிற புத்தகத்தையே இல்லை என்று சொல்லும், பிழைச் செய்தியும் வராது. டம்ப் எடுத்துப் புது வால்யூமில் ஏற்றுங்கள், குறைந்தது ‘ரீஇன்டெக்ஸ்’ ஓட்டுங்கள்.

மைஎஸ்க்யூஎல் பயன்படுத்துவோருக்கும் ஒன்று. அதில் பழைய ‘யுடிஎஃப்8’ ஓர் எழுத்துக்கு 3 பைட் வரைதான் ஏற்கும். தமிழ் எழுத்துகள் 3 பைட்டில் அடங்கிவிடுவதால் யாரும் கவனிப்பதில்லை. ஆனால் முந்திரி, மாகாணி போன்ற பின்னக் குறிகளும் பழைய அளவைக் குறிகளும் 2019-ல் யூனிகோட் 12.0-ல் ‘தமிழ்ச் சப்ளிமென்ட்’ பகுதியாகச் சேர்ந்தன. அவை ஒவ்வொன்றும் 4 பைட். பழைய நிலக் கணக்கு, கல்வெட்டுப் படி இவற்றை ஏற்றும்போது ‘இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ’ என்று நிற்கும். ‘யுடிஎஃப்8எம்பி4’ வைத்துக்கொள்ளுங்கள். மைஎஸ்க்யூஎல் 8.0-ல் அதுவே இயல்பு, பழைய டம்ப் கோப்பிலிருந்து வரும் டேபிள்களில் மட்டும் பார்த்து மாற்றுங்கள்.

கேள்வி: இரவு 1 மணிக்குச் சேர்க்கும் பதிவு முந்தைய நாள் தேதியில் விழுகிறது. இப்போதைக்கு ஐந்தரை மணி நேரத்தை நிரலில் கூட்டி வருகிறேன்.
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: கன்டெய்னரின் கடிகாரம் யுடிசி எனும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. உங்கள் நள்ளிரவு முதல் காலை 5.30 வரை அங்கே முந்தைய நாள்தான். டேட்டாபேஸில் யுடிசி இருப்பதே நல்லது, கூட்டும் வரியை எடுத்துவிடுங்கள். ஜாங்கோ செட்டிங்ஸில் ‘டைம்_ஸோன்’ இயல்பாக யுடிசி. அதை ‘ஏசியா/கொழும்பு’ என்று மாற்றி, ‘யூஸ்_டிஇசட்’ இயங்குகிறதா பாருங்கள்.

எண்ணாகக் கூட்டக் கூடாது என்பதற்கு இலங்கையே சான்று. 1996-ல் அங்கே கடிகாரத்தை முன்னே தள்ளினார்கள், யுடிசியைவிட முதலில் ஆறரை மணி நேரம், பிறகு ஆறு மணி நேரம் முன்னால். 2006 ஏப்ரலில்தான் மறுபடி ஐந்தரைக்கு வந்தது. அந்த ஆண்டுகளின் பழைய பதிவு எதையாவது ஏற்றினால் ஐந்தரை தவறாகிவிடும். நேரமண்டலத்தின் பெயருக்கு இந்த வரலாறு தெரியும்.

ஜாங்கோவுக்கு வெளியே ஓடும் ஸ்கிரிப்ட்களுக்கு ‘டிஇசட்’ மாறியைக் கொடுங்கள். கொடுத்தும் யுடிசியே வந்தால் அந்த இமேஜில் ‘டிஇசட்டேட்டா’ பேக்கேஜ் இல்லை. வெறும் ஆல்பைனில் அது இருக்காது, பெயர் தெரியாவிட்டால் எச்சரிக்காமல் யுடிசியையே காட்டும்.

கேள்வி: விண்டோஸில் சி டிரைவில் புராஜெக்ட். டபிள்யூஎஸ்எல்-லிலிருந்து ஓட்டினால் மிக மெதுவாக இருக்கிறது. ஃபைலைச் சேமித்தாலும் வீட் பக்கத்தைப் புதுப்பிப்பதில்லை. கன்டெய்னர் தொடங்கும்போது ‘என்ட்ரிபாயின்ட்.எஸ்ஹெச் கிடைக்கவில்லை’ என்று வேறு வருகிறது, ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது.
— வாசகர், மதுரை

பதில்: முதல் இரண்டுக்கும் காரணம் ஒன்று. சி டிரைவ் விண்டோஸின் கோப்பு முறையில் இருக்கிறது. லினக்ஸ் அதன் ஒவ்வொரு ஃபைலையும் எல்லை தாண்டிப் போய்க் கேட்டு வாங்குகிறது. நோடுமாட்யூல்ஸ் போல ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகள் என்றால் இது தாங்காது. ஃபைல் மாறியது என்ற அறிவிப்பும் அந்த எல்லையைத் தாண்டி வருவதில்லை. புராஜெக்டை உபுண்டுவின் ஹோம் ஃபோல்டருக்குள் குளோன் செய்யுங்கள். விஎஸ் கோடில் டபிள்யூஎஸ்எல் எக்ஸ்டென்ஷனைப் போட்டு, உபுண்டு டெர்மினலில் அந்த ஃபோல்டருக்குள் நின்று ‘கோட் .’ என்று தட்டினால் எடிட்டர் விண்டோஸில் திறக்கும். நகர்த்தவே முடியாது என்றால் வீட் அமைப்பில் ‘யூஸ்போலிங்’கை இயக்கலாம், சிபியு அதிகம் செலவாகும்.

மூன்றாவது வேறு கதை. ஃபைல் கிடைக்கவில்லை என்று சொன்னாலும், கிடைக்காதது அந்த ஃபைல் இல்லை. ஸ்கிரிப்டின் முதல் வரியில் எந்த ஷெல்லால் ஓட்ட வேண்டும் என்று எழுதியிருக்கும். விண்டோஸில் வரி முடிவில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக ஒட்டிக்கொள்ளும். கெர்னல் அதையும் பெயரோடு சேர்த்துப் படித்து, அப்படி ஒரு ஷெல்லைத் தேடுகிறது. அதுதான் கிடைக்கவில்லை. விஎஸ் கோடின் கீழ்ப்பட்டையில் ‘சிஆர்எல்எஃப்’ என்றிருப்பதைச் சொடுக்கி ‘எல்எஃப்’ ஆக்கிச் சேமியுங்கள். விண்டோஸ் கிட் அடுத்த முறை மறுபடி மாற்றாமலிருக்க, கிட்ஆட்ரிபியூட்ஸ் கோப்பில் ‘*.எஸ்ஹெச் டெக்ஸ்ட் இஓஎல்=எல்எஃப்’ என்ற ஒரு வரி வேண்டும்.

கேள்வி: அலுவலகத்தில் பழைய புராஜெக்ட் ஒன்றை வேக்ரன்டில்தான் ஓட்ட வேண்டும். வர்ச்சுவல்பாக்ஸைப் புதுப்பித்ததும் ஐபி முகவரி அனுமதிக்கப்படவில்லை என்கிறது. என்னிடம் இருப்பது உபுண்டு.
— வாசகி, சென்னை

பதில்: வேக்ரன்ட் என்பது ஒரு கோப்பில் எழுதியபடி வர்ச்சுவல்பாக்ஸ் கணினியை எழுப்பும் கருவி. அந்தக் கோப்பான வேக்ரன்ட்ஃபைலில் 192.168.33.10 என்று இருக்கும், பழைய மாதிரிக் கோப்பில் வந்த முகவரி அது. 2021-ல் வந்த வர்ச்சுவல்பாக்ஸ் 6.1.28 முதல் லினக்ஸிலும் மேக்கிலும் இயல்பாக 192.168.56 முதல் 192.168.63 வரையிலான வலைகளுக்கு மட்டுமே அனுமதி. 192.168.56.10 என்று மாற்றிவிட்டு ‘வேக்ரன்ட் ரீலோட்’ ஓட்டுங்கள்.

கூடவே தெரிந்துகொள்ள இரண்டு. நிறுவல் ஸ்கிரிப்ட் முதல் ‘வேக்ரன்ட் அப்’பில் மட்டுமே ஓடும். அதைத் திருத்திய பிறகு ‘வேக்ரன்ட் புரொவிஷன்’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். சிஎஸ்எஸ் கோப்பை மாற்றியும் பழையதே வருகிறது, அல்லது முடிவில் குப்பை எழுத்துகள் தெரிகின்றன என்றால் பிரவுசர் கேஷைத் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள். வர்ச்சுவல்பாக்ஸின் பகிர்ந்த ஃபோல்டரில் ‘சென்ட்ஃபைல்’ என்ற வசதி சரியாக வேலை செய்வதில்லை. வெப் சர்வரின் அமைப்பில் அதை நிறுத்துங்கள்: என்ஜின்எக்ஸில் ‘சென்ட்ஃபைல் ஆஃப்’, அப்பாச்சியில் ‘எனேபிள்சென்ட்ஃபைல் ஆஃப்’. பெட்டியை (வேக்ரன்ட் எடுத்து எழுப்பும் தயார்நிலைக் கணினி) உபுண்டு 24.04-க்கு உயர்த்தும் எண்ணமிருந்தால், அந்தப் பதிப்பிலிருந்து உபுண்டுவை வெளியிடும் கனானிக்கல் தன் வேக்ரன்ட் பெட்டிகளை வெளியிடுவதில்லை. ‘பென்டோ/உபுண்டு-24.04’ எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கம்போஸ் ஓடும்போது லேப்டாப்பே உறைகிறது. சி டிரைவும் நிறைந்துகொண்டே போகிறது.
— வாசகர், புதுச்சேரி

பதில்: டபிள்யூஎஸ்எல் 2 இயல்பாக மொத்த ராமில் பாதி வரை எடுத்துக்கொள்ளும். விண்டோஸில் உங்கள் பயனர் ஃபோல்டரில் ‘.டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக்’ என்ற கோப்பில் முதல் வரி ‘[டபிள்யூஎஸ்எல்2]’, இரண்டாம் வரி ‘மெமரி=3ஜிபி’. பிறகு ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’. இடத்துக்கு ‘டாக்கர் சிஸ்டம் டிஎஃப்’ ஓட்டி எது தின்கிறது என்று பாருங்கள், ‘டாக்கர் சிஸ்டம் புரூன்’ தேவையற்றதை நீக்கும். அதோடு ‘--வால்யூம்ஸ்’ சேர்க்காதீர்கள், பழைய டாக்கர் பதிப்பு என்றால் ஈரோடு வாசகரின் நிலை உங்களுக்கும் வரக்கூடும். லினக்ஸுக்குள் அழித்தாலும் சி டிரைவில் உள்ள அந்த மெய்நிகர் வட்டுக் கோப்பு தானாகச் சுருங்காது. ஷட்டவுன் செய்தபின் ‘டிஸ்க்பார்ட்’டில் அதைத் தேர்ந்து ‘காம்பாக்ட் விடிஸ்க்’ கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஆய்வகத்தில் 30 கணினிகள், எல்லாம் உபுண்டு. இணைய வேகம் குறைவு. ஒரே நேரத்தில் எல்லோரும் இமேஜை இறக்கினால் பாதியில் ‘டூ மெனி ரிக்வெஸ்ட்ஸ்’ என்று நிற்கிறது.
— கணினி ஆசிரியை, விருதுநகர்

பதில்: இமேஜ்கள் இறங்கும் தளமான டாக்கர் ஹப், கணக்கில்லாமல் வருபவர்களை ஐபி முகவரியை வைத்துக் கட்டுப்படுத்துகிறது. உங்கள் 30 கணினிகளும் வெளியே ஒரே முகவரியாகத் தெரிகின்றன. ஒரு கணினியில் மட்டும் இறக்கிக்கொள்ளுங்கள். கம்போஸ் கோப்பில் ‘வெப்’ சர்வீஸுக்கு ‘இமேஜ்: லேப்-வெப்:1’ என்று பெயர் வைத்து பில்ட் செய்யுங்கள். பிறகு ‘டாக்கர் சேவ் -ஓ லேப்.டார் லேப்-வெப்:1 போஸ்ட்கிரெஸ்:17’. இரண்டு இமேஜும் ஒரே கோப்பில் வரும். பென் டிரைவில் எடுத்துப் போய் ஒவ்வொரு கணினியிலும் ‘டாக்கர் லோட் -ஐ லேப்.டார்’, அடுத்து ‘டாக்கர் கம்போஸ் அப் --நோ-பில்ட்’. இணையமே தேவையில்லை. பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது, எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் செய்துகொள்ளுங்கள். மாணவர் யாராவது ஆப்பிள் எம் வரிசை மேக்புக் கொண்டுவந்தால் இந்தக் கோப்பை அவருக்குக் கொடுக்க வேண்டாம். சிப் வேறு என்பதால் ‘எக்ஸெக் ஃபார்மட் எரர்’ வரக்கூடும். அவர் மட்டும் தன் கணினியில் தனியாக பில்ட் செய்துகொள்ளட்டும்.